சோடா மூடியில் துரு: சூடான பாட்டிலில் பூசிய டின் ஆக்சைடு இடம் மாறிய கதை

குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே, கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு சிறிய சோடா ஆலை இருக்கிறது. பன்னீர் சோடா, இஞ்சி சோடா, எலுமிச்சை சோடா எல்லாம் அங்கே கண்ணாடி பாட்டிலில் அடைபட்டு, கிரவுன் மூடி போட்டு, நாகர்கோவில் முதல் மார்த்தாண்டம் வரை கடைகளுக்குப் போகின்றன. காலிப் பாட்டில்கள் திரும்பி வரும். காரநீரில் கழுவி மீண்டும் நிரப்புவார்கள். உடைந்ததற்கும் தொலைந்ததற்கும் ஈடாக அவ்வப்போது புதுப் பாட்டில் வாங்குவார்கள். அப்படி வெளிமாநில ஆலை ஒன்றிலிருந்து ஒரு லாரி புதுப் பாட்டில் வந்து இறங்கிய பிறகு சிக்கல் தொடங்கியது.

கடைகளிலிருந்து வந்த புகார் இதுதான்: மூடியின் பல்வரிசை ஓரம் துருப்பிடிக்கிறது, மூடியைத் திறந்தால் பாட்டில் வாயைச் சுற்றிக் காவி நிற வளையம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மூடிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் படுகை வாயின் மேல்விளிம்பை இறுக்கி அடைப்பதால் பானத்துக்குள் துரு இறங்கவில்லை, வாயுவும் குறையவில்லை. ஆனால் சோடாவைப் பலரும் பாட்டிலில் வாய் வைத்துத்தான் குடிக்கிறார்கள். உதடு படும் இடத்தில் துரு தெரிந்தால் யார் குடிப்பார்கள்? பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பியது.

பாட்டில் கண்ணாடியின் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன் என்பதால் என்னை அழைத்தார்கள். ஆலை முதலாளி அனுபவசாலி. ஆனால் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். “தம்பி, கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துருவைப் பற்றிப் புகார் சொன்னால் யார் கேட்பார்கள்? வீட்டு ஜன்னல் கம்பியே இங்கே நாலு வருடம் தாங்குவதில்லை” என்றார்.

நம் கரையோர ஊர்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். ஜன்னல் கம்பி, மின்விசிறி, சைக்கிள் செயின், படகு எஞ்சின் எது கெட்டாலும் உப்புக் காற்றின் மேல் பழி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். உப்புக் காற்று துருவை விரைவுபடுத்தும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதையே முழுக் காரணமாக எடுத்துக்கொண்டால், திருத்தக்கூடிய காரணம் ஒன்று பக்கத்தில் இருந்தாலும் கண்ணில் படாது. இந்த நிகழ்வை விரிவாக எழுத எனக்குத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

ஒரே பெட்டி, இரண்டு விதப் பாட்டில்

திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றைக் கீழே இறக்கி, பாட்டில்களை வரிசையாக நிறுத்தினோம். பழைய பாட்டில்களும் புதியவையும் கலந்திருந்தன. பழையதை அடையாளம் காண்பது எளிது: கன்வேயரிலும் பெட்டியிலும் ஒன்றோடொன்று உரசி உரசி, தோளிலும் அடிப்பக்கத்திலும் வெள்ளையாகத் தேய்வு வளையம் விழுந்திருக்கும். புதியவை பளபளவென்று இருந்தன. துரு இருந்ததெல்லாம் புதியவற்றில். பழைய பாட்டில்களின் மூடிகள் ஏறக்குறைய சுத்தமாக இருந்தன.

“அண்ணாச்சி, உப்புக் காற்றுக்கு ஆள் பார்த்துத் துருப்பிடிக்க வைக்கத் தெரியாது. ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில், ஒரே மூட்டை மூடி போட்டு அடைத்த பாட்டில்கள்தானே இவை?” என்று கேட்டேன். உற்பத்திப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார்.

மூடியையும் அடைப்பு இயந்திரத்தையும் விசாரணையிலிருந்து விலக்குவது அடுத்த வேலை. கிரவுன் மூடி என்பது 1892இல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற பொருள். இன்றைய வடிவத்தில் 21 பற்கள். மெல்லிய எஃகுத் தகட்டில் வெள்ளீயமோ குரோமியமோ பூசி, மேலே அரக்கு அடித்து, பிறகே தகட்டை வெட்டுவார்கள். எனவே வெட்டு விளிம்பில், அதாவது பல்லின் நுனியில், எஃகு வெறுமையாகவே இருக்கும். துரு பிடிக்குமென்றால் அங்கேதான் முதலில் பிடிக்கும். இது எல்லாக் கிரவுன் மூடிக்கும் பொதுவான பலவீனம். மூடியை அழுத்தும் இறுக்கம் தவறினாலும் அரக்கு உரியும். அடைத்த பின் மூடியின் விட்டம் 28.6 முதல் 28.8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வளைய அளவுகோல் போட்டுப் பார்த்தோம், சரியாகவே இருந்தது. அலசும் தண்ணீரிலும் குறை தெரியவில்லை.

பிறகு அதே நாள் உற்பத்தியில் பழைய பாட்டிலும் புதுப் பாட்டிலுமாகச் சில பெட்டிகளைக் குலசேகரத்தில் ஒரு விற்பனையாளரின் கிடங்குக்கு அனுப்பிவைத்தோம். ரப்பர்த் தோட்டப் பகுதி, மழை உண்டு, ஈரம் உண்டு, கடல் உப்பு இல்லை. மற்றவை ஆலையிலேயே இருந்தன. கடற்கரைப் பெட்டிகளில் துரு முந்திக்கொண்டது. குலசேகரத்தில் தாமதமாகத் தொடங்கியது, ஆனால் தொடங்கியது. அங்கேயும் புதுப் பாட்டில்களில்தான். உப்பு வேகத்தைக் கூட்டியது, அவ்வளவே. வேர் பாட்டிலின் வாயில் இருந்தது.

அந்த வாயில் எதைத் தேடினோம் என்று சொல்வதற்கு முன், பாட்டில் பிறக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

சூடான முனையில் நடப்பது

மணல், சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்), சுண்ணாம்புக்கல், உடைந்த கண்ணாடி ஆகியவற்றை 1500 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, உருகிய கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி அச்சுக்குள் விட்டு ஊதினால் பாட்டில் கிடைக்கிறது. அச்சிலிருந்து வெளியே வரும் பாட்டில் கன்வேயரில் வரிசையாக நகர்ந்து, மெல்ல ஆறவைக்கும் நீண்ட சூளைக்குள் போகும். அச்சுக்கும் சூளைக்கும் இடையிலான அந்தச் சில மீட்டர் தூரத்தை ‘சூடான முனை’ என்கிறார்கள். பாட்டிலின் ஆயுளை நிர்ணயிக்கும் பூச்சு அங்கே விழுகிறது.

புதிதாகப் பிறந்த கண்ணாடியைப் போல வலுவான பொருள் குறைவு. கீறல் விழுந்த கண்ணாடியைப் போலச் சட்டென்று உடைவதும் குறைவு. கண்ணாடியின் உண்மையான வலிமை கணக்கில் வரும் வலிமையைவிட ஏன் மிகக் குறைவாக இருக்கிறது என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் 1920இல் விளக்கினார்: மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளின் நுனியில் விசை குவிந்து, அங்கிருந்து உடைவு ஓடுகிறது. இரண்டு பாட்டில்கள் ஒன்றோடொன்று முதன்முறை உரசிய கணத்திலேயே அந்த வெடிப்புகள் பிறந்துவிடும். ஆகவே முதல் உரசலுக்கு முன்பே காப்பு வேண்டும்.

அதற்காகக் கன்வேயரின் மேல் ஒரு கூண்டு வைப்பார்கள். ஆலைகளில் ஹூட் என்றே சொல்வார்கள். 500 முதல் 600 டிகிரி வரை சூடாக இருக்கும் பாட்டில் அதற்குள் நுழையும்போது, இரு பக்கத் துவாரங்களிலிருந்தும் வெள்ளீயச் சேர்மம் ஒன்றின் ஆவி வீசப்படுகிறது. இன்று பெரும்பாலும் பயன்படுவது மோனோபியூட்டைல் டின் டிரைகுளோரைடு என்ற திரவம். பாட்டிலின் சூட்டிலேயே அது சிதைந்து, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து டின் ஆக்சைடாக, அதாவது வெள்ளீய ஆக்சைடாக, கண்ணாடியில் படிகிறது. பாட்டிலைச் சூடேற்றத் தனியாக அடுப்பு எதுவும் தேவையில்லை. பாட்டில் ஆறிப்போய் 450 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் படலம் ஒழுங்காகப் பிடிக்காது. துணை விளைவாக ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும். உறிஞ்சிக் குழாய் வைத்து இழுத்துக் கழுவிச் சுத்திகரிக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் மூச்சையும் இயந்திரத்தின் இரும்பையும் அது அரித்துவிடும். கண்ணாடி ஆலைகளில் இந்த இடத்தில் நிற்கும் தொழிலாளர்களின் பாதுகாப்பைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. பாட்டில் வாங்குபவர்களும் அதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

படலத்தின் தடிமன் ஏறக்குறைய 10 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால், எவ்வளவு மெல்லியது என்று புரியும். இந்தத் துறைக்கென்றே சி.டி.யு. (பூச்சுத் தடிமன் அலகு) என்று ஓர் அளவு உண்டு; பாட்டிலின் உடலில் 30 முதல் 50 வரை பொதுவான இலக்கு. அதற்கு வெகுவாக மிஞ்சினால் மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீர்போல வானவில் நிறம் ஓடத் தொடங்கும்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டின் ஆக்சைடு வழுக்கும் பொருள் அல்ல. அது கடினமானது, சொரசொரப்பானது. உலோகத்தைத் தேய்த்தால் உலோகத்தைத்தான் சுரண்டி எடுக்கும். வழுக்கலைத் தருவது இரண்டாவது பூச்சு. சூளையைத் தாண்டி, 100 டிகிரியை ஒட்டி ஆறி வரும் பாட்டிலின் மேல் பாலிஎத்திலீன் கலந்த நீரைத் தெளிக்கிறார்கள். வெறும் கண்ணாடியில் அந்தப் பாலிஎத்திலீன் சரியாக ஒட்டாது. டின் ஆக்சைடு இருந்தால் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு. இரண்டு பாட்டிலைப் படுக்கவைத்து மூன்றாவதை மேலே வைத்து, பலகையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நன்றாகப் பூசிய பாட்டில் 10 டிகிரி வாக்கில் சாய்க்கும்போதே சறுக்கும். பூச்சில்லாதது 30 டிகிரி போனாலும் அசையாமல் கிடக்கும். இந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம், ஒரு பலகையும் பள்ளிக்கூடப் பாகைமானியும் போதும்.

வாயில் மட்டும் இந்தப் பூச்சு விழக் கூடாது. மூடியின் இரும்பு பாட்டிலை இறுக்கிப் பிடிப்பது அங்கே. டின் ஆக்சைடு இருந்தால், மூடியை அழுத்தும்போது உள்பக்க அரக்கைச் சுரண்டி எஃகை வெளிப்படுத்தும். போதாக்குறைக்கு டின் ஆக்சைடு ஓரளவு மின்சாரம் கடத்தும். மூடிக்கு அடியில் தங்கும் ஈரம், அதில் கரைந்த உப்பு, வெறுமையான இரும்பு, மின்கடத்தும் படலம் நான்கும் கைகோத்தால் அங்கே ஒரு குட்டி மின்கலம் உருவாகி இரும்பைத் தின்னத் தொடங்கும். இதைத் தடுக்கத்தான் ஹூட்டுக்குள் பாட்டில் வாயின் மட்டத்தில் தூய காற்றை ஓடவிட்டு, ஆவி மேலே ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

நாணயம் சொன்னதும் மீட்டர் சொன்னதும்

டின் ஆக்சைடு உலோகத்தைச் சுரண்டும் என்ற அதே குணத்தை வைத்துச் சோடா ஆலையிலேயே ஒரு சோதனை செய்தோம். பழைய பாட்டில் ஒன்று, புதுப் பாட்டில் ஒன்று. இரண்டையும் நன்றாகக் கழுவித் துடைத்து, வாயின் வெளிவிளிம்பில் ஒரு நாணயத்தின் ஓரத்தை அழுத்தி இழுத்தோம். பழையதில் நாணயம் வழுக்கிக்கொண்டு போனது, ஒன்றும் படியவில்லை. புதியதில் கரகரவென்று பிடித்து, பென்சிலால் கிழித்ததுபோலச் சாம்பல் கோடு விழுந்தது. துணியால் அழுத்தித் துடைத்தாலும் போகவில்லை. அண்ணாச்சி என் கையிலிருந்த நாணயத்தை வாங்கி, மேசையிலிருந்த புதுப் பாட்டில்கள் ஒவ்வொன்றிலும் தானே கோடு போட்டுப் பார்த்தார். அதன் பிறகு உப்புக் காற்றைப் பற்றி அவர் பேசவில்லை.

இது சந்தேகத்தை வலுப்படுத்தும் சோதனை. ஆனால் விற்றவரிடம் காட்ட அளவு வேண்டும். ஆகவே மாதிரிகளை இதற்கான மீட்டர் உள்ள இடத்துக்கு அனுப்பினோம். அதன் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு திரவத்தை வைத்து வெறும் கண்ணாடியின் பிரதிபலிப்பை அடக்கிவிடுவார்கள்; மிச்சமாகத் திரும்பும் ஒளி படலத்திலிருந்து வருவது, அதிலிருந்து தடிமன் தெரியும். வாயைப் போன்ற குறுகிய வளைவுக்குச் சிறிய தலை தேவை. முடிவு வந்தபோது குழப்பத்துக்கு இடமில்லை: உடலில் இருக்க வேண்டிய அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வாயிலும் டின் ஆக்சைடு இருந்தது. பழைய பாட்டில்களின் வாயில் அது பெயருக்கும் இல்லை.

எங்கே பிசகியது

அளவுகளோடு எழுதியதும் பாட்டில் ஆலையின் தரப் பிரிவு மறுப்புச் சொல்லாமல் தன் பதிவேடுகளைத் தேடியது. இதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். எல்லா ஆலைகளும் இப்படி நடந்துகொள்வதில்லை. சோடா பாட்டிலுக்கு முன்பு அதே வரிசையில் உயரமான பாட்டில் ஓடியிருக்கிறது. ஹூட்டின் உயரம் அந்தப் பாட்டிலுக்கு ஏற்றபடி தூக்கிவைக்கப்பட்டிருந்தது. அச்சை மாற்றிக் குட்டையான சோடா பாட்டிலுக்கு வந்தபோது ஹூட்டைக் கீழே இறக்கவில்லை. விளைவாக, உயரப் பாட்டிலின் தோளைப் பார்த்து ஆவி வீசிய துவாரங்கள் இப்போது சோடா பாட்டிலின் வாயைப் பார்த்து வீசின. வாய்க்குக் காவலாக ஓட வேண்டிய தூய காற்று தலைக்கு மேலே சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கூடவே, உறிஞ்சிக் குழாயில் வெள்ளைத் தூளாக டின் ஆக்சைடு படிந்து வழியைக் குறுக்கியிருந்தது. இழுக்க வேண்டிய ஆவி கூண்டுக்குள்ளேயே சுழன்றிருக்கிறது.

உடலில் பூச்சை அளக்கும் வழக்கம் அந்த ஆலையில் இருந்தது. அளவும் சரியாக இருந்ததால் பாட்டில்கள் தேறிவிட்டன. வாயை அளக்கும் வழக்கம் இல்லை. பூச்சு எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர்கள், எங்கே இருக்கக் கூடாதோ அங்கே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். வறண்ட ஊரில் இந்தப் பாட்டில்கள் போயிருந்தால் தவறு வெளியே தெரியாமலே போயிருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் நீண்ட கடற்கரையும் உள்ள நம் மாவட்டம் அதைச் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிட்டது.

சரக்கை என்ன செய்வது

“அமிலத்தில் முக்கி எடுத்தால் போகுமா?” என்று அண்ணாச்சி கேட்டார். போகாது. டின் ஆக்சைடு சாதாரண அமிலங்களில் கரையாது. ஆய்வகங்களில் துத்தநாகத் தூளைத் தூவி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு அகற்றுவார்கள்; குடிக்கும் பாட்டிலில், அதுவும் ஆயிரக்கணக்கில், அதை யாரும் செய்யக் கூடாது.

பாட்டில் ஆலை நிரப்பாத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அது மறுபடி உலைக்குப் போகும். இவ்வளவு மெல்லிய படலம் உருகும் கண்ணாடியில் காணாமல் போய்விடும். ஏற்கெனவே கடைகளில் சுற்றிக்கொண்டிருந்தவற்றை ஒரே நாளில் பிடிக்க முடியாது. அவற்றுக்காக அடைப்பு இயந்திரத்தை அடுத்து ஓர் ஊதுகுழல் வைத்து, மூடியின் அடியில் தங்கும் தண்ணீரை விரட்டினோம். ஈரம் போனால் மின்கலத்துக்கு உயிர் இல்லை. துரு நிற்கவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்தது. திரும்பி வரும் காலிகளில் வாயில் நாணயக் கோடு விழுபவற்றை ஒதுக்கினார்கள். ஊதுகுழல் இன்றும் ஓடுகிறது. எந்தப் பாட்டிலுக்கும் அது நல்லதே.

விசாரணையின் நடுவே ஒருவர் கேட்டார்: இந்த டின் ஆக்சைடு இவ்வளவு கெடுதல் என்றால் கடலோர விடுதிகளின் ஜன்னல் கண்ணாடியில் ஏன் அதையே பூசுகிறார்கள்? நியாயமான கேள்வி. தகட்டுக் கண்ணாடி உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் மிதந்து வரும்போது, அந்தச் சூட்டிலேயே ஃபுளோரின் கலந்த டின் ஆக்சைடைச் சில நூறு நானோமீட்டர் தடிமனுக்குப் படியவைக்கிறார்கள். ஒரு பொருள் தன் சூட்டில் உமிழக்கூடிய அதிகபட்ச வெப்பக் கதிரில் ஏறக்குறைய 84 சதவீதத்தை வெறும் கண்ணாடி உமிழும். இந்தப் பூச்சு அதை 15 சதவீதத்தை ஒட்டிக் குறைத்துவிடும். சூட்டிலேயே கண்ணாடியோடு ஒன்றிவிடுவதால் உப்புக் காற்றில் வெளிப்பட்டு நின்றாலும் உரியாது. குளிர்ந்த பிறகு வெற்றிட அறையில் பூசும் வெள்ளிப் பூச்சு வெப்பத்தை இன்னும் நன்றாகத் தடுக்கும், ஆனால் ஈரம் பட்டால் கெடும்; இரட்டைக் கண்ணாடிக்குள் அடைத்துத்தான் வைக்க வேண்டும். கன்னியாகுமரி கரையில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் போடுகிறவர்களுக்கு நான் சூடான பூச்சையே சொல்வேன். அங்கே அதன்மேல் இரும்பை யாரும் நசுக்கி அழுத்துவதில்லை.

ஆலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணவாளக்குறிச்சியின் கருமணல். அதிலுள்ள இல்மனைட் டைட்டானியத்தின் தாது. ஒரு காலத்தில் பாட்டில்களின் சூடான முனையில் வெள்ளீயத்துக்குப் பதிலாக டைட்டானியம் டெட்ராகுளோரைடையும் ஆவியாக வீசினார்கள். 2001இல் பில்கிங்டன் நிறுவனம் கொண்டுவந்த, தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ஜன்னல் கண்ணாடியின் மேல் இருப்பதும் சுமார் 15 நானோமீட்டர் டைட்டானியம் டை ஆக்சைடுதான். நம் மாவட்டத்துப் பள்ளிகளில் வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். தங்கள் கடற்கரை மணலில் இருக்கும் தனிமம் எங்கெல்லாம் போகிறது என்று தெரிந்தால், அந்தப் பாடத்தை வேறு கண்ணோடு படிப்பார்கள்.

சோடா ஆலையின் புதிய கொள்முதல் ஆணையில் இப்போது சில வரிகள் கூடியிருக்கின்றன. உடலின் டின் ஆக்சைடு அளவு இன்னது; வாயின் அளவு தனியாக அளக்கப்பட்டு, ஒவ்வொரு லாரியுடனும் சான்றாக வர வேண்டும்; அச்சு மாற்றிய பிறகு ஹூட்டின் உயரம் சரிபார்க்கப்பட்டதற்கான பதிவும் வேண்டும். பாட்டில் ஆலை இதற்கு விலை ஏற்றவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்று மட்டும் சொன்னார்கள். குளச்சல் பக்கம் மீன் ஊறுகாய் போடும் மகளிர் குழுக்களும், மார்த்தாண்டத்தில் தேன் அடைப்பவர்களும் உலோகத் திருகு மூடியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஜாடியின் வாயில் படிந்த டின் ஆக்சைடு அந்த மூடியையும் இதே வழியில் அரிக்கும். அவர்கள் வாங்கும் ஆணையிலும் வாயின் அளவு பற்றிய வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜாடி வந்து இறங்கியதும் சிலவற்றைக் கழுவி, வாய் விளிம்பில் நாணயத்தை இழுத்துப் பார்த்துவிட்டு லாரியை அனுப்பலாம்.